சுண்ணாம்பு மண்ணில் புதையும் எஃகுக் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த கரிசல் மண் நிறைய உண்டு. உயர் அழுத்த எரிவாயுக் குழாய் பற்றிப் பேச்சு வரும்போது, 'காரமான மண்தானே, இரும்பு அரிக்காது' என்று பலரும் தைரியம் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. காரத்திலும் எஃகு விரிசல் விடக்கூடும்.

கார்பனேட் கரைசலில் பி.எச். 11, 12 என்று ஏறினால் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படர்ந்து அரிப்பு அடங்கும். பைகார்பனேட் மிகுந்து 8-ஐ ஒட்டி இறங்கினால் இரும்பு கரைந்து இரும்புக் கார்பனேட்டாகப் படியும். ஆபத்து இரண்டுக்கும் நடுவே, சுமார் 9 முதல் 10.5 வரை. அங்கே படலம் உருவாகும், ஆனால் எஃகின் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் அது நிலைக்காது. குழாயின் உள்ளழுத்தம் தரும் இழுவிசையில் படலம் கிழியும். அந்த எல்லை வழியே மட்டும் உலோகம் கரைந்து விரிசல் உள்ளே இறங்கும். சுவரின் கனம் குறைவதில்லை என்பதால் கனம் அளக்கும் கருவிக்குக் குழாய் புதிதுபோலவே தெரியும். ஆய்வகங்களில் இதைச் சோதிக்க ஒரு லிட்டர் கரைசலில் 53 கிராம் நீரற்ற சலவைச் சோடாவும் 84 கிராம் ஆப்பசோடாவும் சேர்த்து 75 டிகிரியில் வைக்கிறார்கள். வீட்டில் புழங்கும் இந்த இரண்டு உப்புகளே போதும்!

இந்தக் கரைசல் மண்ணிலிருந்து அப்படியே வருவதில்லை. துரு தடுக்கக் குழாய்க்குக் கொடுக்கும் சிபி (கேத்தோடிக் புரொடெக்‌ஷன்) மின்னோட்டம் இரும்பின் மேல் காரத்தை உண்டாக்குகிறது. கோட்டிங் உரிந்த இடுக்கில் தேங்கும் நீரில் அந்தக் காரம் மண்ணின் கரியமில வாயுவை உறிஞ்சிக் கார்பனேட்டாகிறது. கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும்போது, சரியாக ஒட்டாத கோட்டிங்கை, முக்கியமாகக் குழாயில் சுற்றி ஒட்டும் டேப்பை, இழுத்து உரிக்கும். நம் மண்ணில் கவலைப்பட வேண்டியது சுண்ணாம்பைவிட இந்த இழுப்புக்குத்தான்.

குழாயின் மின்னழுத்தத்தைச் செப்பு–செப்பு சல்பேட் மின்வாயை வைத்து அளந்தால் முழுப் பாதுகாப்புக்கு மைனஸ் 850 மில்லிவோல்ட்டாவது வேண்டும். விரிசல் விரும்பும் இடமோ மைனஸ் 600 முதல் 750 வரை. உரிந்த கோட்டிங்குக்கு அடியில் மின்னோட்டம் அரைகுறையாகப் போனால் குழாய் சரியாக அங்கேதான் நிற்கும். மேலே, மின்னழுத்தம் அளக்க நட்ட டெஸ்ட் போஸ்ட்டில் மைனஸ் 900 காட்டுவதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. வெப்பம் ஏற ஏற விரிசல் வேகமாக வளரும். அதனால் வாயு அழுத்தப்பட்டுச் சூடாக வெளிவரும் கம்ப்ரசர் நிலையத்தைத் தாண்டிய முதல் முப்பது கிலோமீட்டருக்குத்தான் முதல் கவனம். 1965 மார்ச்சில் அமெரிக்காவின் லூயிசியானாவில் நாக்கிடிஷ் அருகே ஒரு குழாய் இப்படி வெடித்து 17 பேர் இறந்தார்கள். பி.எச். 6, 7 அளவிலும் வேறொரு வகை விரிசல் உண்டு. 1980-களில் கனடாவில் தெரியவந்த அது, மின்னோட்டமே எட்டாத டேப் கோட்டிங்குக்கு அடியில் வரும், மணிகளைக் குறுக்கே பிளந்து போகும்.

குழி தோண்டிக் குழாயைப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும்போது அவசரப்பட்டுச் சுரண்டிவிடுகிறார்கள். அங்கேதான் சாட்சி அழிகிறது. கோட்டிங்கைக் கிழித்ததும் அடியில் உள்ள நீரின் பி.எச்.சைத் தாளில் உடனே பாருங்கள். காற்றுப் பட்டால் அளவு மாறிவிடும். வெளிறிய படிவு சில நிமிடங்களில் பழுப்பானால் இரும்புக் கார்பனேட்டாக இருக்கலாம். நீர்த்த அமிலம் பட்டதும் சடசடவென நுரைத்தால் சுண்ணாம்பு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பைடு, அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். மெஷின் கம்பி பிரஷ் போட்டுப் பளபளப்பாக்கினால் விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். மெதுவாகச் சுத்தம் செய்து, வெள்ளைப் பெயிண்டை மெல்லிசாக அடித்து, இரும்புத் துகள் கலந்த கறுப்புக் காந்த மை ஊற்றிப் பாருங்கள். இந்த விரிசல்கள் பெரும்பாலும் குழாயின் நீளவாக்கில் கூட்டமாக இருக்கும். அதனால் குழாயைக் காந்தமாக்கும் யோக் கருவியின் இரு கால்களையும் குழாயின் சுற்றுவாக்கில் வைக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் கண்ணில் படாது.

புதுக் குழாய்க்கு இதைவிடச் சுலபமான காப்பு உண்டு. வெல்டு ஜாயின்ட்டை எஸ்ஏ இரண்டரை என்னும் சுத்தத் தர அளவுக்கு மணல்வீச்சில் சுத்தம் செய்ய வேண்டும். இரும்பின் சூடு, காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்கும்போதுதான் பிரைமர் பூச வேண்டும். ஜாயின்ட்டைச் சுற்றிப் போர்த்தும் ஸ்லீவ் ஒட்டியிருக்கிறதா என்று உரித்துச் சோதிக்க வேண்டும். குழாயைச் சுற்றிக் கரிசல் கட்டிகளைப் போடாமல் சலித்த மணலைக் கொட்ட வேண்டும். எங்கள் பகுதியில் குழாய் பதிக்கும் ஒப்பந்தங்களில் இந்த மணல் படுக்கையைத் தனி வேலையாகக் காட்டி, மூடுவதற்கு முன் அளந்து கையெழுத்திடச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

– குழாய் அரிப்புத் தடுப்புப் பணியாளர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்