காமெடி ஒட்டலன்னு சொல்லாதீங்க, சப்டைட்டில பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சினிமா பக்கத்துல பிரெஞ்சு உளவாளி காமெடி படங்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். புதையலுக்காக ரெண்டு நாட்டு ஏஜென்ட்டுங்க ஒருத்தர ஒருத்தர் முந்த பாக்குற கதைங்க, பாக்க கலர்ஃபுல்லா இருக்கு, ஆனா அவங்க காமெடி நமக்கு ஒட்டலன்னு எழுதியிருந்தீங்க. மனசு கேக்கல, அதான் எழுதுறேன். ஒட்டாதது காமெடி இல்லீங்க, கீழ ஓடுற சப்டைட்டில்தான்.

பிரெஞ்சுலயும் நம்மள மாதிரியே நீ வேற, நீங்க வேற. 'து'ன்னா நீ, 'வூ'ன்னா நீங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே யூ. நான் பாத்த படங்கள்ல தமிழ் சப்டைட்டில இங்கிலீஷ பாத்துதான் எழுதியிருக்காங்கன்னு நல்லாவே தெரியுது, ஏன்னா எல்லாரும் எல்லாரையும் நீ வா போன்னுதான் பேசுறாங்க. இந்த மாதிரி படத்துல சிரிப்பே அந்த மரியாதையிலதான இருக்கு! நான் பாத்த ஒரு படத்துல ரெண்டு ஏஜென்ட், ஒரே மேப்புக்கு அடிச்சுக்கிறவங்க, துப்பாக்கிய நீட்டிகிட்டே 'முசியே (ஐயா), நீங்க முன்னாடி போங்க'ன்னு கதவுகிட்ட நின்னு பேசுறாங்க, அப்புறம் ரெண்டு பேரும் ஒரே பாதாள அறையில மாட்டிகிட்டு ராத்திரி பூரா உக்காந்திருக்கும்போது ஒருத்தர் திடீர்னு 'து'ன்னு கூப்பிடுறார், இன்னொருத்தர் மூஞ்சி மாறுது பாருங்க, அதுதான் சீனே. சப்டைட்டில்ல முதல் நிமிஷத்துலேர்ந்தே 'ஏய் நீ'தான் ஓடுது. அப்புறம் எங்கேர்ந்து சிரிப்பு வரும்?

இங்கிலீஷ்காரங்களுக்காவது அந்த சொல்லு இல்ல. நமக்கு இருக்கு, அப்படியே பொருந்துது, இருந்தும் விட்டுட்டோம். இதுதான் எனக்கு தாங்கல.

கட்டுரையில இதெல்லாம் ஜேம்ஸ் பாண்ட் படத்த பாத்து கிண்டல் பண்ற படங்கன்னு ஒரு வரி இருந்துச்சு, அதுவும் முழுசா சரியில்ல. ழான் ப்ரூஸ்ங்குற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதின ஓஎஸ்எஸ் 117ங்குற உளவாளி நாவல் வரிசை 1949லயே தொடங்கிடுச்சு, பாண்ட் முதல் நாவல் வந்தது 1953ல. 2006ல மிஷெல் அசனவிசியூஸ் எடுத்து நடிகர் ழான் துழார்தான் நடிச்ச ஓஎஸ்எஸ் 117 படம் கிண்டல் பண்ணது அவங்க ஊரு நாவல் ஹீரோவையேதான்.

சப்டைட்டில் எவ்வளவு முக்கியம்னு பாக்க 1964ஆம் வருஷத்த மட்டும் எடுத்துக்குங்க. ஃபிலிப் த ப்ரோகா எடுத்த 'ரியோ மனிதன்'னு அர்த்தம் வர்ற பேரு வச்ச படம், அதுல நடிகர் பெல்மோந்தோ எட்டு நாள் லீவுல வந்த ஒரு சிப்பாய், பாரிஸ் மியூசியத்துல ஒரு சிலை திருடு போயி, காதலியையும் கடத்திட்டு போயி, அவரு பிரேசில் வரைக்கும் துரத்திகிட்டு போறார், 1960ல தலைநகரம் ஆகி இன்னும் கட்டி முடிக்காத பிரசீலியாவுல அந்த வெறும் கட்டடங்களுக்கு நடுவுல ஓடுற ஓட்டம் இருக்கே, அதுக்கு சப்டைட்டிலே வேணாம், பாஷை தெரியாதவங்களும் சிரிப்பாங்க.

அதே வருஷம் ஜார்ஜ் லோத்னர் எடுத்தது 'லே பார்பூஸ்'. இது வசனத்தாலயே சிரிக்க வைக்கிற படம், வசனம் எழுதினது மிஷெல் ஓதியார். ஆயுத வியாபாரி ஒருத்தர் செத்துப்போறார், அவரோட பேட்டன்ட் (கண்டுபிடிப்பு உரிமை) காகிதம் எல்லாம் இளம் மனைவிகிட்ட இருக்கு, புதையல்னா இங்க அந்த காகிதங்கதான். அத வாங்க பல நாட்டு ஏஜென்ட்டுங்க ஒரே மாளிகைக்கு வந்து ஒருத்தர் சொந்தக்காரர்னும் ஒருத்தர் பாதிரியார்னும் துக்கம் விசாரிக்கிறாங்க. ஒருத்தருக்கொருத்தர் யாருன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் நாசூக்கா பேசுவாங்க. பார்பூஸ்ங்குறது தாடியிலேர்ந்து வந்த சொல்லு, ஒட்டு தாடி வச்ச ஆளுன்னு உளவாளிக்கு அவங்க ஊரு பேச்சுவழக்கு. அமெரிக்காவுல பேரையே 'பெரிய உளவாளி துரத்தல்'னு அர்த்தம் வர்ற மாதிரி மாத்திட்டாங்க, தாடி போச்சு. அத பாத்து தமிழ்ல எழுதினா நமக்கு என்ன மிஞ்சும்?

இன்னொண்ணு. பிரெஞ்சு வெளிநாட்டு உளவுத்துறைக்கு அங்க 'நீச்சல் குளம்'னு பட்டப்பேரு, பாரிஸ்ல அவங்க ஆபீஸ் பக்கத்துலயே ஒரு நீச்சல் குளம் இருக்கறதால. ஒரு படத்துல ஒருத்தர் மேலதிகாரி கூப்பிடுறார்னு அங்க கிளம்புறத நிஜமாவே குளிக்க போற மாதிரி தமிழ்ல போட்டிருந்தாங்க.

அதனால ஒரு கோரிக்கை. வெளிநாட்டு படத்துக்கு விமர்சனம் எழுதும்போது தமிழ் சப்டைட்டில் எப்படி இருந்துச்சு, மூல பாஷையிலேர்ந்து நேரா வந்ததா, யாரு எழுதினாங்கன்னு ஒரு ரெண்டு வரி சேத்து போடுங்க. பிரெஞ்சும் தமிழும் ரெண்டும் நல்லா தெரிஞ்சவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்காங்க, நீங்க எழுத ஆரம்பிச்சா படம் வாங்கி போடுறவங்களும் அவங்கள தேடி போவாங்க. அப்புறம் அந்த கட்டுரை எழுதின தம்பியோ தங்கச்சியோ, பிரெஞ்சு தெரிஞ்ச ஒருத்தர பக்கத்துல உக்கார வச்சுகிட்டு 'லே பார்பூஸ்' படத்த ஒரு தடவ பாத்துட்டு மறுபடி எழுதணும், நான் கண்டிப்பா படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்