பொடியை விட்டு இழைக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகனங்களின் எடையைக் குறைக்கவல்ல இழை பொதிந்த அலுமினியத்தை, அதாவது வலுவான மெல்லிய இழைகளை உள்ளே வைத்து உருவாக்கும் அலுமினியத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிஸ்டன் வார்ப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இது இனிமேல்தான் பிறக்க வேண்டிய பொருள் அன்று. 1981-இல் பறக்கத் தொடங்கிய அமெரிக்க விண்வெளி ஓடத்தின் நடுவுடலில் போரான் இழை பொதிந்த அலுமினியக் குழாய்கள் 243 இருந்தன; வெறும் அலுமினியத்தில் செய்திருந்தால் ஆகக்கூடிய எடையில் 145 கிலோ அதனால் மிச்சமாயிற்று. 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 3.6 மீட்டர் நீள ஆன்டெனாத் தண்டு கார்பன் இழையும் அலுமினியமும் சேர்ந்தது. வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் இடத்தில் அதன் நீளம் மாறாமலிருக்க வேண்டியிருந்தது. போரான் இழையோ மெல்லிய டங்ஸ்டன் கம்பியின் மேல் படியவைத்து எடுப்பது. அந்த விலை காருக்குக் கட்டாது. சாலைக்கு இந்த உத்தியைக் கொண்டுவந்தது 1983-இல் டொயோட்டா செய்த டீசல் பிஸ்டன். அதில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளில் மேல் ரிங் அமரும் பள்ளத்தில் மட்டும், கனமான வார்ப்பிரும்பு வளையத்துக்குப் பதிலாக, குட்டையான பீங்கான் இழைகளை வைத்தார்கள்.

இழையை உலோகத்துக்குள் அமர்த்துவதுதான் பெரும்பாடு. உருகிய அலுமினியம் கார்பன் இழையில் தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் உருளும். ஒட்டட்டும் என்று சூட்டை ஏற்றினால் இரண்டும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகும். அது நொறுங்கும் தன்மையுடையது, ஈரம் பட்டாலும் சிதையும். ஆகவே இழைக்கு மேல்பூச்சு வேண்டும், உலோகத்தை உள்ளே தள்ள அழுத்தமும் வேண்டும்.

நாங்கள் ஒருமுறை பீங்கான் இழை வளையத்தை வைத்து வார்த்துப் பார்த்தோம். கையில் எடுத்தால் ரஸ்க் போலக் கனமே இராது. அச்சு போதிய சூடு இல்லாததால் முதல் வார்ப்பில் உலோகம் வளையத்துக்கு வெளியிலேயே உறைந்துவிட்டது. அடுத்ததில் உலோகத்தை அழுத்தித் தள்ளும் இயந்திரமான பிரஸ்ஸை வேகமாக இறக்கியதால் வளையம் இரண்டாக முறிந்து, ஒரு பாதி அச்சின் அடியில் கிடந்தது. பல நாள் கழித்துச் சரியாக வந்த ஒன்றை அறுத்து மெருகேற்றியபோது, பளபளக்கும் அலுமினியத்தின் நடுவே சாம்பல் நிறப் பட்டை ஒன்று இடைவெளியின்றிப் படிந்திருந்தது. அதைக் கடைந்த டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனைதான் சீக்கிரமே மழுங்கிப்போயிற்று.

இங்கேதான் என் மனக்குறை. பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் வார்ப்பாலைகளுக்கு வந்து, 6061 என்ற அலுமினியக் கலவையை உருக்கி, சிலிக்கான் கார்பைடுப் பொடியையோ தேங்காய்ச் சிரட்டைச் சாம்பலையோ கலக்கி வார்த்து, கடினத்தைச் சோதித்து, அறிக்கையைப் பைண்ட் செய்துகொண்டு போகிறார்கள். பொடி சேர்ந்தால் தேய்மானம் குறையும் என்பது மெய்தான். ஆனால் ஒரு திசையில் வரும் இழுவிசையைத் தாங்கி எடையைக் குறைப்பதற்கு நீண்ட இழைதான் வேண்டும். அந்தப் பக்கம் வருபவர்கள் மிகக் குறைவு. மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அழுத்த வார்ப்புக்கான பிரஸ் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. கோவையைப் போல வார்ப்பாலைகள் நிறைந்த ஊரில், பல கல்லூரிகள் சேர்ந்து பொதுவாக ஒரு பிரஸ்ஸை வாங்கி, சோதனைத் துண்டோடு நிற்காமல் ஒரு பாகத்தையாவது முழுமையாகச் செய்து பார்க்கலாம். மின்சார வண்டியில் பிஸ்டன் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சக்கரத்தைத் தாங்கும் கை அதிலும் உண்டு, இழுபடும் இடத்தில் மட்டும் இழை வைத்தால் போதும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பாகத்தின் விலை என்ன, இழை கலந்த கடைசல் துருவலை மற்ற அலுமினியக் கழிவோடு சேர்த்து உருக்க முடியுமா என்ற இரண்டையும் தங்கள் நிருபர் தவறாமல் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்பாலைப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.