வான் ரீனன் ஏற வேண்டிய கார்

அன்புள்ள கோபால்,

இங்கே எல்லோரும் சுகம். உன் ஆஸ்பத்திரிச் சமாச்சாரத்தைப் பாக்கியம் போனில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் கார்.

என் பழைய டொயோட்டா கிரெசிடாவை விற்றாச்சு. வாங்கியது யார் என்று கேட்காதே, உன் மச்சினன்தான். இப்போது கண் வைத்திருப்பது நிசான் மேக்னைட். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்து அனுப்புகிறார்கள். 1860-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வர ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் ஏறிய அதே ஊர்தானே, சொந்தக்காரனுக்கு விலையைக் குறை என்றேன். விற்கிற பையன் சிரிக்கக்கூட இல்லை.

முன்பக்கம் நல்ல முறைப்பு. பின்பக்கம்தான் கத்தியால் வெட்டின மாதிரி சட்டென்று முடிகிறது. இந்தியாவில் நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவாம். அதற்காக 3,994 மில்லிமீட்டரில் நிறுத்திவிட்டார்கள். வரி அவர்களுக்கு மிச்சம், டிக்கி நமக்குக் குறைச்சல். 336 லிட்டர் என்றான் பையன். நம்பாமல், காவடிச் சாப்பாட்டுக்குப் பருப்பு வேகவைக்கிற பெரிய சட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். போயிற்று, மூடியைத் தனியாகச் சாய்த்து வைத்தால். ஆனால் டிக்கி விளிம்பு உயரம். அதைத் தாண்டித் தூக்கி வைப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் அம்மா, அத்தை, சரசா மூவரும் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பாடு திண்டாட்டம்.

தலைவலி இன்ஜின்தான். ஒரே ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர். டர்போ இல்லாததன் பலம் 53 கிலோவாட், டர்போ உள்ளது 74. டர்பனில் ஓட்டினால் சாதாரணமே போதும் என்று தோன்றும். உன் லெனேசியா ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறதே! மேலே போகப் போகக் காற்று மெலிவு. டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பலத்தை வழியிலேயே தொலைத்துவிடும். 53 அங்கே 44, 45 ஆகிவிடும். ஐந்து பேர், சாமான், வழியில் வான் ரீனன் மலைப்பாதை ஏற்றம், முன்னால் லாரி வரிசை, யோசித்துப் பார். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு இளைக்காது. டர்போ என்றால் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது என்கிறான் என் பையன். யாரைக் குத்துகிறான் என்று உனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததை என்னிடம் ஏன்டா மறைத்தாய்? ராமு போனபோது, முன்னாலேயே தெரிந்திருந்தால் பார்த்திருக்கலாமே என்று நீயும் நானும்தானே புலம்பினோம். எனக்கு இன்னொரு தடவை அப்படிப் புலம்பத் தெம்பு இல்லை. இங்கே டர்பனில் சாட்ஸ்வர்த்துக்குள் காய்கறி வாங்கவா கார் தேடுகிறேன்? லெனேசியாவுக்கு, உன் வீட்டுக்கு, நினைத்தபோது வர. விலை வித்தியாசத்தைக் கேட்டுச் சரசா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், நான் டர்போவை விடுவதாக இல்லை.

உன் மருமகன் இதே டர்போதானே ஓட்டுகிறான்? மேட்டில் மூன்றாம் கியரிலேயே இழுக்கிறதா, பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல். சனிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும். அலமாரியில் ஒளித்திருக்கிற பாட்டிலைப் பாக்கியத்திடம் கொடுத்துவிடு.

உன்,
மணி