அந்த ஒரு சொல்லைப் பற்றி

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

ஆண்டு மதிப்பீட்டில் உன் மேலாளர் எழுதிய 'டிஃபிடன்ட்' (diffident, தன்மேல் நம்பிக்கையில்லாமல் தயங்குகிறவர்) என்ற சொல்லை நேற்று போனில் மூன்று முறை சொன்னாய். மூன்று முறையும் திட்டு வாங்கியவளைப் போலவே சொன்னாய். முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் வீட்டில் இருக்க, கூகுளிடம் போய்ப் பொருள் கேட்டிருக்கிறாய். அந்த வருத்தம் தனி.

அந்தச் சொல்லோடு எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதிலும் அக்கறையில்லாத ஒரு பையனின் அறிக்கையில் 'இன்டிஃபரன்ட்' என்று எழுத நினைத்து 'டிஃபிடன்ட்' என்று எழுதிவிட்டேன். "இவனுக்கா தயக்கம்?" என்று தலைமையாசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று இரவே அகராதியைப் புரட்டினேன்.

லத்தீனில் 'ஃபிடேரே' என்றால் நம்புவது. அதன் முன்னால், விலகலைக் குறிக்கும் 'டிஸ்' சேர்ந்து இந்தச் சொல் பிறந்தது. 'கான்ஃபிடன்ட்' இதன் உடன்பிறப்பு. நிச்சயம் செய்த மாப்பிள்ளையைச் சொல்கிற 'ஃபியான்ஸே'யும் அதே வம்சம். (இதை உன் அம்மாவிடம் சொன்னேன். பேச்சு உடனே எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும்.) முன்பு டிஃபிடன்ட் என்ற சொல் பிறரை நம்பாததையும் குறித்தது. 1651இல் வெளிவந்த 'லெவியதன்' நூலில் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், மனிதர்கள் சண்டையிடுவதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். அவற்றில் ஒன்று டிஃபிடன்ஸ். அங்கே அது அடுத்தவன் மேல் உள்ள அவநம்பிக்கை. காலப்போக்கில் அந்தச் சந்தேகம் ஊராரை விட்டுவிட்டுத் தன்னையே பார்க்கத் தொடங்கிவிட்டது.

இதைக் கூச்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. கூச்சம் ஆட்களைக் கண்டால் வருவது. அடக்கமும் இல்லை. அடக்கமானவருக்குத் தன் சரக்கு நல்லது என்று தெரியும், வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான். டிஃபிடன்ட் ஆனவருக்கு அந்தச் சரக்கின் மேலேயே ஐயம்.

பத்தமடையில் நாம் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் பாய் நெய்த பெரியம்மாவை நினைவிருக்கிறதா? தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்ட கோரையை நூல் மாதிரி கிழித்து வைத்திருப்பார். தறி முன்னால் உட்கார்ந்தால் கை நிற்காது. ஆனால் பாய் வாங்க ஆள் வந்துவிட்டால், விரித்துக் காட்டுவதற்கு முன்பே, "ஓரம் கொஞ்சம் கோணிவிட்டது" என்பார். கோணியே இருக்காது. வந்தவர் அதையே பிடித்துக்கொண்டு விலையைக் குறைப்பார். கைக்கு இல்லாத ஐயம் வாய்க்கு இருந்தது. நீயும், "இது தப்பாகக்கூட இருக்கலாம்" என்றுதானே கூட்டங்களில் ஆரம்பிக்கிறாய்? போன முறை வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தாயே, அப்போது பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

இன்னொன்று. அந்த வாக்கியத்தை முழுதாக எழுதி அனுப்பு. சொல்லை அடுத்து 'அபவுட்' வந்திருந்தால், ஏதோ ஒரு காரியத்தில் மட்டும் நீ தயங்குவதாகச் சொல்கிறார். வராவிட்டால் பெரும்பாலும் உன் பொதுவான சுபாவத்தைச் சொல்கிறார். இரண்டுக்கும் பதில் வேறு. திறமையில்லாதவள் என்று நான் பார்த்த எந்த அகராதியும் அதற்குப் பொருள் சொல்லவில்லை.

அந்தப் பெரியம்மாவிடம் வாங்கிய பாயை அம்மா நேற்று நிழலில் உலரப் போட்டாள். ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவிப் பார்த்தேன். கோணலைக் காணோம்.

அன்புடன்,
அப்பா