லிஸ்பனுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

தோழிகளோடு லிஸ்பனில் நாலு நாள் இருக்கப் போகிறோம், எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டிருந்தாய். கப்பல் வேலையில் இருந்த காலத்தில், சரக்கு இறங்கிக் கொண்டிருக்கும் போதெல்லாம் நான் நடந்தே சுற்றிய ஊர் அது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கோட்டை, கோபுரம், 28ஆம் எண் டிராம் என்று பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் பாதி நேரம் வரிசையிலேயே போய்விடும். ஒரு தேதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்: 1755 நவம்பர் 1.

அன்று சகல புனிதர் திருநாள். ஊர் சனம் காலைப் பூசைக்குக் கோயில்களில் கூடியிருந்த நேரத்தில் நிலம் ஆடியது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை கொண்டுபோனது, திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளிலிருந்து பிடித்த தீ நாட்கணக்கில் எரிந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் இது அதற்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டுப் பார், ஊர் தானாகப் பிடிபடும்.

முதலில் ஆற்றங்கரையிலிருக்கும் பெரிய சதுக்கத்துக்குப் போ, பிராசா டு கொமேர்சியு. அரண்மனை இருந்த இடம் அது. அரச குடும்பம் அன்று ஊருக்கு மேற்கே இருக்கும் பெலெமில் இருந்ததால் பிழைத்தது, ஆனால் ராஜாவுக்குக் கல் கட்டடத்துக்குள் படுக்கவே பயம் வந்து, கடைசிவரை மரத்தாலும் துணியாலும் ஆன வீட்டில்தான் இருந்தார். சதுக்கத்துக்குப் பின்னால் நேர் நேராக ஓடும் தெருக்கள்தான் பைஷா, அமைச்சர் பொம்பால் திரும்பக் கட்டவைத்த பகுதி. வெளியே பார்த்தால் சாதாரணச் சுவர்தான். உள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டாகக் கோத்திருக்கிறார்கள், அடுத்த முறை ஆடினாலும் வீடு விழக்கூடாது என்று. ஒரு மாதிரியைக் கட்டி, சுற்றிலும் சிப்பாய்களை நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்கள் என்றும் சொல்வார்கள். அவ்வளவு பெரிய இழவுக்குப் பிறகு உட்கார்ந்து அழாமல் இப்படி யோசித்தார்களே, அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அங்கிருந்து மேலே ஏறினால் கார்மு மடம். சாந்தா ஜுஸ்தா லிஃப்டுக்கு வரிசையில் நிற்காதே, ஷியாடு பக்கமாக நடந்தாலே அதே உயரத்துக்கு வந்துவிடலாம். 1755இல் விழுந்ததிலிருந்து அந்த மடத்துக் கோயிலுக்குக் கூரை கிடையாது. கல் வளைவுகள் மட்டும் வானத்துக்குக் கீழே நிற்கின்றன, மழை பெய்தால் நடுக்கோயிலில் நனையலாம். வாசலில் இருக்கும் சின்னச் சதுக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்கார். 1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகலின் சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் அங்கே இருந்த காவல் படை முகாமுக்குள் போய்ப் பதுங்கி, அங்கேயே சரணடைந்தார். சனங்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

ரொசியு சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாவ் டொமிங்குஸ் கோயிலை விட்டுவிடாதே. 1959இல் உள்ளே தீப்பிடித்தது, கூரையைச் சரிசெய்தவர்கள் வெந்து பொரிந்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள், கையை வைத்தால் கல் செதில் செதிலாக இருக்கும். வெளியே ஒரு நினைவுக்கல் உண்டு. 1506இல் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களைக் கும்பல் கொன்று குவித்த படுகொலை இந்தக் கோயிலில்தான் ஆரம்பித்தது, செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கோயிலுக்குள் போகும் முன்னால் அதன் எதிரே ஒரு நிமிடம் நில், நம்மைப் போன்ற வேதக்காரர்கள் கட்டாயம் நிற்க வேண்டிய இடம்.

அப்புறம் அல்ஃபாமா. பாறை மேல் இருந்ததால் நிலநடுக்கத்தில் பெரும்பாலும் தப்பித்த பகுதி, சந்தெல்லாம் பழைய வளைசலிலேயே கிடக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் போ. ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயும், கிழவிகள் வாசலில் நின்று பேசுவார்கள், அவர்கள் முகத்துக்கு நேராகப் போனை நீட்டாதே. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட வீடுகளைத் திருப்பிவிட்டதால் அங்கே பிறந்தவர்கள் பலர் வெளியேற வேண்டி வந்தது, ஆகையால் தங்குவதற்கு அந்தச் சந்துக்குள் வீடு எடுக்காமல் ஹோட்டலில் அறை எடு. மேலே இருக்கும் பேராலயத்துக்குப் பக்கத்தில்தான் நம் அந்தோணியார் பிறந்த இடம். பதுவை அந்தோணியார் என்கிறோமே, அவர் லிஸ்பன்காரர். கோயில் 1755இல் விழுந்து மறுபடி எழும்பியது, அடியில் அவர் பிறந்ததாகச் சொல்லும் அறை மட்டும் பழையது. உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாத உன் ஆச்சிக்காக அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

பெலெமுக்கு அரை நாள் போதும். ஜெரோனிமுஸ் மடத்தில் வாஸ்கோட காமாவின் கல்லறை இருக்கிறது, கல் வேலைப்பாடு அருமை, ஆனால் திங்கட்கிழமை மூடியிருப்பார்கள். 1837இலிருந்து கஸ்டர்ட் டார்ட் போடும் கடையும் பக்கத்தில்தான், சூடாக இருக்கும்போதே லவங்கப்பட்டைத் தூள் தூவித் தின்றுவிடு. ரோமன் எழுத்தில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமும் 1554இல் இந்த லிஸ்பனில்தான் அச்சானது, உன் தோழிகளுக்குச் சொல்.

சாப்பாட்டுக்கு ருவா டு அர்செனல் பக்கம் நடந்து பார். பக்கல்யாவ் விற்கும் பழைய கடைகள் உண்டு. உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன், பலகை மாதிரி விறைப்பாக அடுக்கியிருப்பார்கள், ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துத்தான் சமைப்பார்கள். நம் வீட்டுக் கருவாட்டு வாசம் தெரிந்த உனக்கு அந்தத் தெரு அந்நியமாக இருக்காது.

நடைபாதையெல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல், மழை பட்டால் வழுக்கிவிடும். ரப்பர் அடி போட்ட ஷூ எடுத்துப் போ. டிராமில் ஜேப்படி அதிகம், பாஸ்போர்ட்டை அறையிலேயே வை. ஒரு சாயங்காலம் கைஷ் டு சொத்ரேயிலிருந்து படகு ஏறி அக்கரையில் இருக்கும் கசில்யாஷுக்குப் போய் வாருங்கள், மெட்ரோ அட்டையில் பணம் ஏற்றியிருந்தால் அதுவே படகுக்கும் செல்லும். அம்மா கேட்டது ஒரு சின்ன அந்தோணியார் சுரூபம், பேராலயப் பக்கக் கடைகளில் கிடைக்கும், மறந்துவிடாதே.

அப்பா