மாப்பிள்ளை, நியூசிலாந்து என்று எழுதிக் கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வாட்ஸ்அப் பார்த்தேன். பெர்த்தில் நீ வேலை பார்க்கிற இடத்தில் 2027 ரக்பி உலகக் கோப்பைக்கு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களாம். சாம்பியன் யார், யாரும் எதிர்பாராமல் மேலே வரப்போகும் அணி எது, அரையிறுதிக்கு முன்பே மூட்டை கட்டப்போகும் பெரிய அணி எது, இறுதி ஆட்டத்தில் வித்தியாசம் எத்தனை புள்ளி: நான்கு கேள்வி. நீ நியூசிலாந்து வீரர்கள் ஆட்டத்துக்கு முன் ஆடுகிற ஹாக்கா நடன வீடியோ பார்த்துவிட்டு முதல் கட்டத்தில் நியூசிலாந்து என்று போடப்போவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறவரிடம் போய் ரக்பி கேட்கிறானே என்று உன் அத்தைக்கு ஒரே சிரிப்பு. அவளுக்குத் தெரிந்ததுதான், துபாயில் எங்கள் சூப்பர்வைசர் தென்னாப்பிரிக்காக்காரர், சனிக்கிழமையானால் எங்களையும் டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவார். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். டெல்டாவில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர் வேறு யாரும் இருந்தால் அவர்களும் சண்டைக்கு வரட்டும்.

முதலில் அமைப்பு. அக்டோபர் 1-ஆம் தேதி உங்கள் பெர்த்திலேயே ஆஸ்திரேலியாவும் ஹாங்காங்கும் ஆடித் தொடங்குகிறது. நவம்பர் 13 சிட்னியில் இறுதி ஆட்டம். போன முறை வரை 20 அணி, இந்த முறை 24. ஆறு குரூப், குரூப்புக்கு நான்கு அணி. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணி மேலே போகும், மூன்றாம் இடம் வந்தவற்றில் நல்ல நான்கும் சேரும். ஆக 24-இல் 16 தேறிவிடும். இதனால் குரூப் கட்டத்தில் பெரிய அணி எதுவும் விழப்போவதில்லை. விழுந்தால் அது விபத்து. நிஜமான போட்டி நாக்-அவுட்டில்தான் தொடங்குகிறது, அதற்குள் நமக்கு ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கியிருக்கும்.

நியூசிலாந்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஆட்டம் தெரியாத அணி என்பதால் இல்லை. 1987, 2011, 2015 என்று மூன்று கோப்பை வாங்கியவர்கள். பத்து உலகக் கோப்பையில் ஒரே ஒரு தடவைதான், 2007-இல், காலிறுதியோடு வீட்டுக்குப் போனார்கள். சிக்கல் குலுக்கலில் இருக்கிறது. தரவரிசையில் ஆஸ்திரேலியா முதல் ஆறுக்குள் இல்லாததால் இரண்டாம் தட்டில் விழுந்து, நியூசிலாந்து இருக்கும் ஏ குரூப்புக்கே வந்துவிட்டது. அது போகட்டும். அட்டவணையை மேலே நகர்த்திப் பார். ஏ குரூப்பில் நியூசிலாந்தும் பி குரூப்பில் தென்னாப்பிரிக்காவும் முதலிடம் பிடித்து அடுத்த சுற்றையும் தாண்டினால், காலிறுதியிலேயே இரண்டும் மோதுகின்றன. மொத்தம் ஏழு கோப்பையை வீட்டில் வைத்திருக்கும் இரண்டு அணிகளில் ஒன்று, அரையிறுதியைப் பார்க்காமலே விமானம் ஏறும்.

அப்படியானால் தென்னாப்பிரிக்காவுக்கும் அதே ஆபத்துதானே என்று கேட்பாய். சரியான கேள்வி. இதற்கு 2023-ஐப் பார்க்க வேண்டும். அந்த முறையும் பலமான நான்கு அணிகள் காலிறுதியிலேயே முட்டிக்கொண்டன: தென்னாப்பிரிக்காவும் பிரான்சும், நியூசிலாந்தும் அயர்லாந்தும். அந்த இரண்டு ஆட்டத்தில் பிழைத்தவர்கள்தான் இறுதி ஆட்டத்துக்கும் வந்தார்கள். கடினமான காலிறுதி அவர்களைக் களைக்கச் செய்யவில்லை.

அப்புறம் தென்னாப்பிரிக்கா அந்தக் கோப்பையை வாங்கிய கதை. காலிறுதியில் பிரான்சை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11. மூன்றும் ஒரே ஒரு புள்ளி! முதல் தடவை அதிர்ஷ்டம் என்று விடலாம். மூன்று தடவையும் அதுவே நடந்தால் பின்னால் ஏதோ இருக்கிறது.

பிரான்ஸ் ஆட்டத்தின் முதல் பாதியில் ஓர் இடம் இருக்கிறது, யூடியூபில் தேடிப் பார். பிரான்ஸ் ட்ரை போட்டுவிட்டது, அதாவது பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டது, ஐந்து புள்ளி. மேலும் இரண்டு புள்ளிக்குக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற கன்வர்ஷனை தோமா ரமோஸ் உதைக்க வேண்டும். உதைக்கிறவர் அடியெடுத்து வைத்த நொடியில் எதிரணி ஓடி வரலாம் என்பது விதி. ஆனால் பெரும்பாலும் பேருக்கு நாலடி ஓடுவார்கள், பந்து தலைக்கு மேல் போய்விடும். தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி அப்படி ஓடவில்லை. ஆள் குள்ளம், கோட்டில் நின்றுகொண்டு ரமோஸின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் அசைந்ததும் பாய்ந்து, கையை நீட்டி, பந்தைத் தட்டிவிட்டார். அந்த இரண்டு புள்ளி பிரான்சுக்குக் கிடைத்திருந்தால் கடைசிக் கணக்கு என்னவாகியிருக்கும் என்று நீயே கூட்டிப் பார்.

இறுதி ஆட்டத்திலும் இதே கணக்கு. நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்கு முதல் பாதியிலேயே ரெட் கார்டு, மிச்ச ஆட்டம் முழுக்க 14 பேர். ஆனாலும் இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நியூசிலாந்தின் போடன் பாரெட் ட்ரை போட்டார். ஆட்டத்தின் ஒரே ட்ரை அதுதான். கன்வர்ஷனை மோவுங்கா தவறவிட்டார். பிறகு தூரத்திலிருந்து ஒரு பெனால்டியை, அதாவது எதிரணி செய்த தப்புக்குக் கிடைக்கிற மூன்று புள்ளி உதையை, ஜோர்டி பாரெட் தவறவிட்டார். இந்தப் பக்கம் ஹாண்ட்ரே போலார்ட் உதைத்த நான்கு பெனால்டியும் உள்ளே: நாலு மூணு பன்னிரண்டு. கோப்பை போனது அவ்வளவில்தான். உலகக் கோப்பை நாக்-அவுட்டில் அழகாக ஓடுகிறவனைவிட நிதானமாக உதைக்கிறவன் பெரியவன். உன் தாளில் எந்த அணியை எழுதும் முன்பும் ஒரு கேள்வி கேள்: ஆட்டம் முடியப்போகிற எழுபத்தைந்தாவது நிமிடத்தில் நாற்பத்தைந்து மீட்டரிலிருந்து உதைக்க இவர்களிடம் ஆள் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி பெஞ்ச். ரக்பியில் மாற்று ஆள் எட்டுப் பேர். வழக்கமாக அதில் ஐந்து பேர் முன்னால் முட்டி மோதுகிற முரடர்கள், மூன்று பேர் பின்னால் ஓடுகிறவர்கள். தென்னாப்பிரிக்காவின் ராசி எராஸ்மஸ் கூட்டம் 2023 இறுதியில் ஏழு முரடர்களை உட்கார வைத்தது, ஓடுகிறவர் ஒருவர் மட்டும். நடவில் மத்தியானத்துக்கு மேல் இடுப்பு ஒடிந்து நிற்கிற நேரத்தில் பக்கத்து வயலில் புதுசாக ஒரு செட் ஆளை இறக்கினால் எப்படி இருக்கும்? எதிரணிக்கு அப்படித்தான் இருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவன், களைத்த காலோடு பிடி போடுவது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டாம். இங்கிலாந்து அரையிறுதியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. தென்னாப்பிரிக்கா 15-6 என்று பின்தங்கியிருந்தது. பெஞ்சிலிருந்து வந்த ஸ்னைமன் ட்ரை போட்டார்; பெஞ்சிலிருந்து வந்த ஓக்ஸ் நிசே, இரண்டு பக்க முரடர்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் எதிராளியை மடக்கிப் பெனால்டி வாங்கித் தந்தார்; அதுவும் பெஞ்சிலிருந்தே வந்த போலார்ட், கிட்டத்தட்ட 50 மீட்டரிலிருந்து உதைத்து முடித்தார்.

அந்த அணிக்கு வயதாகிவிட்டது என்பார்கள். உண்மைதான், 2023-இல் கேப்டனாக இருந்த சியா கோலிசிக்கு 2027-இல் 36 வயது. ஆனால் இடத்தை நிரப்ப ஆள் வந்துவிட்டார்கள். சாஷா ஃபைன்பெர்க்-முன்கோமெசுலு என்று ஒரு பையன் (பெயரைச் சொல்லிப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது) 2025-இல் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 37 புள்ளி எடுத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் வெலிங்டனுக்கே போய் நியூசிலாந்தை 43-10 என்று அடித்தார்கள். நியூசிலாந்து தன் வரலாற்றில் வாங்கிய ஆகப் பெரிய அடி அது. அதற்கு முந்தைய மாதம்தான் சொந்த மண்ணில், ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில், ஆஸ்திரேலியாவிடம் 38-22 என்று தோற்றிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் கை முதல் கட்டத்தில் தென்னாப்பிரிக்கா என்றுதான் எழுதும்.

மற்றவர்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிரான்ஸ் மூன்று தடவை இறுதிக்கு வந்து மூன்றிலும் தோற்ற அணி. 2011-இல் 8-7, அங்கேயும் ஒரு புள்ளி. அன்டுவான் துபோன் முழங்கால் அறுவை முடிந்து திரும்பிவிட்டார், ஓரத்தில் பியெல்-பியாரே ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. 2025 ஆறு நாடுகள் போட்டியில் மட்டும் அவர் எட்டு ட்ரை போட்டார். தென்னாப்பிரிக்கா இல்லை என்றால் நான் எழுதும் பெயர் பிரான்ஸ்தான். இங்கிலாந்து 2025 நவம்பரில் நியூசிலாந்தை 33-19 என்று வென்றது, அவர்களுக்குக் கிடைத்த குரூப்பும் லேசு. வேல்ஸ் பழைய வேல்ஸ் இல்லை, அதே நவம்பரில் தென்னாப்பிரிக்காவிடம் 73-0 வாங்கியது. அர்ஜென்டினாவை மதிக்க வேண்டும்: 2007, 2015, 2023 என்று மூன்று அரையிறுதி. ஆஸ்திரேலியா 2023-இல் முதல் தடவையாகக் குரூப்பிலேயே வெளியேறிய கசப்போடு சொந்த மண்ணில் ஆடுகிறது. உன் மேலதிகாரி ஆஸ்திரேலியர் என்றால் அவர் எதிரில் அதிகம் பேசாதே.

அயர்லாந்து தனிக் கதை. 2023-இல் தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். நியூசிலாந்துக்கு எதிரான காலிறுதியின் கடைசியில் நான்கு புள்ளி பின்தங்கி, பந்தை விடாமல் 37 தடவை முட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. 28-24. உலகக் கோப்பையில் அரையிறுதி என்பதையே அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. உன் மூன்றாம் கட்டத்துக்கு எல்லாரும் அயர்லாந்து என்றுதான் எழுதுவார்கள். நியூசிலாந்தை எழுதாமல் உன்னால் இருக்க முடியாது என்றால், அந்தக் கட்டத்தில் எழுது. நான் சொன்ன காலிறுதி நடந்தால் அதுவே சரியான விடை.

இரண்டாம் கட்டம் எனக்குப் பிடித்தது. ஜப்பான் என்று எழுதத் தோன்றும். 2015-இல் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றவர்கள், பெனால்டி உதைத்து டிரா செய்யலாம் என்ற நிலையில் வேண்டாம், ட்ரைக்கே போவோம் என்று போனவர்கள். ஆனால் நான் ஃபிஜி என்கிறேன். நாடி ஊரில் கோபுரத்தோடு முருகன் கோயில் இருக்கிறதே, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிற அந்த ஃபிஜிதான். ஆளுக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ரக்பியில் 2016, 2020 ஒலிம்பிக் தங்கம் இரண்டும் அவர்களுடையது. 2023-இல் ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்றார்கள், காலிறுதியில் இங்கிலாந்தை 24-24 வரை இழுத்துக்கொண்டு வந்து 30-24 என்று விட்டார்கள். அதே போட்டியில் போர்ச்சுகலிடம் 24-23 என்று தோற்றதும் அவர்கள்தான். எந்த நாள் எந்த ஃபிஜி வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டத்துக்கு வேறு யாரையும்விடப் பொருத்தம்.

இந்தியா இல்லையா என்று அக்கா கேட்டாள். இல்லை. ஆசியாவிலிருந்து ஜப்பான், ஹாங்காங் இரண்டுதான். 2025-இல் மும்பையில் நடந்த செவன்ஸ் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வாங்கியது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவளுக்கு அது போதும்.

நேரம்தான் எனக்கு வசதி. சிட்னியில் இரவு எட்டு என்றால் இங்கே மதியம் இரண்டரை. சம்பாவுக்கு உரம் கேட்டு வருகிறவர்கள் காலையிலேயே வந்து போய்விட்டால் கல்லாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துவிடலாம். மழை பிடித்துக் கரண்ட் போனால் உனக்குத்தான் போன் வரும், ஸ்கோர் சொல்லத் தயாராக இரு.

நான்காம் கட்டம்: 3 என்று எழுது. இதுவரை நடந்த பத்து இறுதி ஆட்டத்தில் இரண்டு ஒரு புள்ளியிலும், இரண்டு மூன்று புள்ளியிலும் முடிந்தன. 1 என்று உன் கூட வேலை பார்க்கிறவர்களில் பாதிப்பேர் எழுதுவார்கள். தாளைக் கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. முதல் கட்டத்தில் அந்த நியூசிலாந்துக் கறுப்புச் சட்டைக்காரர்கள் பெயர் இருந்தால் அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
மாமா
பாபநாசம்