இடம் காட்டிய அண்ணனுக்கு நன்றி

பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. 40 அடி நீளம், 13 அடி அகலத்தில் மரப்படகைச் சொந்தமாகக் கட்ட, கடலூர் முதுநகரில் ஆற்றோரமாகவே இடம் தேடிக்கொண்டிருந்த எங்களை ஊருக்குள் திருப்பிவிட்டவர் அவர். ஓடாத ரைஸ் மில்லின் நெற்களத்தைப் பாருங்கள் என்றார். சிமெண்ட் தரை, மின் இணைப்பு, லாரி நுழையும் வாசல் எல்லாம் ஏற்கெனவே இருக்கும், வாடகையும் கரையோரத்தைவிடக் குறைவு.

படகைச் சுற்றி நாலு பக்கமும் 5 அடி விட்டால் 50க்கு 23 அடி. பலகை அடுக்கத் தனிக் கொட்டகை. மழைநீர் வடிவதற்காகக் களம் சரிவாக இருக்கும்; தரையை நம்பி ஏராக்கட்டையை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) வைத்தால் படகு முறுக்கிக்கொள்ளும். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, ஆப்பு கொடுத்துச் சமன் செய்ய வேண்டும்.

அவர் அதிகம் வற்புறுத்தியது படகு வெளியேறும் வழியைத்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டேப்போடு ஆறுவரை நடக்க வேண்டுமாம்: வாசல், திருப்பங்கள், தாழ்ந்த மின்கம்பிகள். டிரெய்லரின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாசல் 12 அடிதான் என்றால், மதிலை இடித்துக் கட்டித்தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். கிரேனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 20 டன் கிரேன் என்பது பக்கத்தில் நிறுத்தித் தூக்கும் கணக்கு; கிரேனின் கை நீள நீளத் தூக்கும் எடை வெகுவாகக் குறையும்.

வழக்கமான 11 மாத ஒப்பந்தம் இதற்கு ஆகாது. பாதி கட்டிய படகை நகர்த்த முடியாது என்பது இடத்துக்காரருக்கும் தெரியும்; புதுப்பிக்கும்போது அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டிவரும். 3 வருடக் குத்தகையாகப் பதிவுசெய்யச் சொன்னார். செலவு கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

மிக்க நன்றி, அண்ணே.